முதல் பனிக்காலத்தில் லாரி ஓட்டப் போகும் தம்பிக்கு

"அண்ணா, கனரக வண்டி உரிமம் எடுத்து எட்டு மாதம் ஆகிறது. டிரெய்லர் லாரி ஓட்டுகிறேன். வரப்போவது என் முதல் பனிக்காலம். வண்டியில் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும்? இரவில் எங்கே, எப்படி நிறுத்த வேண்டும்? நிறுத்திய பிறகு எஞ்சினை விடிய விடிய ஓடவிட வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் ஓட்டுவதைப் பற்றித்தான் கேட்பார்கள். நீங்கள் நிறுத்துவதைப் பற்றியும் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, தம்பி. பதினேழு பனிக்காலங்கள் ஓட்டிய பிறகு நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: பனிக்காலத்தில் நாளைய ஓட்டம் இன்று மாலை வண்டியை நிறுத்தும்போதே தொடங்கிவிடுகிறது. அதனால் வழக்கமான வரிசையை விட்டுவிட்டு, நிறுத்தியதில் நான் செய்த ஒரு தவறிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் இரண்டாவது பனிக்காலம். நாள் முழுக்க ஈரப்பனியில் ஓட்டிவிட்டு, களைப்போடு ஓய்விடத்துக்குள் நுழைந்தேன். நேராகப் பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரவில் குளிர் மைனஸ் 20 டிகிரிக்குப் போனது. காலையில் எஞ்சின் ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. பிரேக்கை விடுவித்து கியர் போட்டேன். வண்டி கனமாக நகர்ந்தது. பனியில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஐம்பது அடி போய்விட்டேன். ஏதோ உறுத்தவே, இறங்கிப் பின்னால் நடந்துபோய்த் தடத்தைப் பார்த்தேன். உருண்டு வந்த டயர்கள் பனியில் கோலம் போட்டது போலத் தங்கள் அச்சைப் பதித்திருந்தன. டிரெய்லரின் இடப்பக்கப் பின் சக்கரம் வந்த வழி மட்டும் பலகையை இழுத்துக்கொண்டு போனது போல வழவழவென்று இருந்தது. அந்தச் சக்கரம் சுற்றவே இல்லை. பனி கெட்டியாக இருந்ததால் டயர் தப்பியது. வெறும் தார்ச்சாலையாக இருந்திருந்தால் சிறிது தூரத்திலேயே ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, டயரைத் தூக்கி எறிய வேண்டியிருந்திருக்கும்.

நடந்தது இதுதான். பிரேக் போட்டுப் போட்டு, சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் டிரம் சூடாகிறது. தெறிக்கும் பனி அதில் பட்டு உருகி, டிரம்மை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் நடுவே நீராகத் தங்குகிறது. அந்த ஈரத்தோடு பார்க்கிங் பிரேக்கைப் போட்டால், ஷூ டிரம்மை இறுக அணைத்துக்கொண்ட நிலையிலேயே நீர் உறைந்துவிடும். பிறகு பிரேக்கை விடுவித்தாலும் ஷூ விலகாது.

அதனால் நிறுத்துமிடம் நெருங்கும்போது, வழுக்காத இடமாகப் பார்த்து, பின்னால் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்து, குறைந்த கியரில் பிரேக்கை மெல்ல மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும். அதற்காக நீண்ட இறக்கத்தில் கொதிக்கக் கொதிக்க இறங்கிய உடனேயும் பார்க்கிங் பிரேக்கைப் போடக் கூடாது; டிரம் ஆறட்டும். பிரேக் நன்றாக நனைந்திருக்கிறது, குளிரும் உறைநிலைக்குக் கீழே இருக்கிறது, நிற்பதோ முழுச் சமதளம் என்றால், பார்க்கிங் பிரேக்கை நம்புவதைவிடச் சக்கரங்களுக்குக் கட்டை போட்டு நிறுத்துவதே சரியான முறை. உங்கள் நிறுவனத்தின் விதி இதற்கு இடம் தருகிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் சக்கரம் சுற்றவில்லை என்றால் எஞ்சின் பலத்தால் இழுக்காதீர்கள். முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அப்படியும் விடாவிட்டால் சுத்தியல்தான். பிரேக் ஷூவின் விளிம்பிலும் டிரம்மிலும் நாலு தட்டுத் தட்டினால் 'டக்' என்ற ஓசையோடு விட்டுவிடும். ஆனால் அந்த நேரத்தில் பிரேக் விடுவிக்கப்பட்டிருக்கும் என்பதை மறக்காதீர்கள். உறைந்த சக்கரம் விட்டதும் வண்டி உருளும். மற்ற சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை போடாமல் அடியில் தலையை நீட்டவே கூடாது. தீப்பந்தம் கொளுத்திச் சூடு காட்டுவது, கொதிநீர் ஊற்றுவது இரண்டும் வேண்டாம். முன்னது டயரையும் ரப்பர் குழாய்களையும் எரிக்கும். பின்னது அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொரு பனிக்கட்டியாகும்.

காற்றழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்கில் இன்னோர் உறைவும் உண்டு. அது குழாய்களுக்குள் நடப்பது. கம்ப்ரஸர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தும்போது, அதிலுள்ள ஈரமும் சேர்ந்து வருகிறது. அந்த ஈரத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் ஏர் டிரையர் இருக்கிறது. காற்று நிரம்பியதும் 'புஸ்' என்று சத்தமாக வெளியேற்றுமே, அப்போது பிடித்து வைத்த ஈரத்தைத் துப்புகிறது. டிரையரின் உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜ் பழையதாகிவிட்டால் நீர் தாண்டிப் போய், காற்றைச் சேர்த்து வைக்கும் ஏர் டாங்கில் தேங்கும். அங்கிருந்து வால்வுக்குப் போய் உறையும். பனிக்காலத்துக்கு முன்பே கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்லி வற்புறுத்துங்கள். தினமும் மாலையில் ஏர் டாங்குகளின் வடிகாலைத் திறந்து விடுங்கள். வெறும் காற்று வந்தால் நிம்மதி. தண்ணீர் கொட்டினாலோ, பால் போன்ற எண்ணெய்க் கலவை வந்தாலோ டிரையரும் கம்ப்ரஸரும் பட்டறைக்குப் போக வேண்டும். குழாயில் ஆல்கஹால் ஊற்றிச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். அது வால்வுகளின் ரப்பரைக் கெடுக்கக்கூடியது. வேறு வழியே இல்லாத நேரத்தில் மட்டும், வண்டித் தயாரிப்பாளர் அனுமதித்த திரவமாக இருந்தால் மட்டும் அதை நினைக்கலாம்.

அடுத்தது டீசல். டீசலில் இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் கூடும்போது அந்த மெழுகு முதலில் துகள் துகளாகப் பிரிந்து டீசலைக் கலங்கலாக்கும். பிறகு ஃபில்டரில் படிந்து அடைக்கும். கடைசியில் டாங்கில் இருப்பதே கூழாகிவிடும். கோடைக்கான டீசல் சில வேளை உறைநிலைக்குச் சற்றுக் கீழேயே கலங்கத் தொடங்கிவிடும். பயோடீசல் கூடுதலாகக் கலந்தது இன்னும் சீக்கிரம். குளிர்ப் பகுதிகளில் பனிக்காலத்துக்கென்றே வேறு கலவை விற்பார்கள். சிக்கல் யாருக்கு வரும் என்றால், வெப்பமான ஊரில் டாங்கை நிரப்பிக்கொண்டு ஒரே ஓட்டத்தில் கடுங்குளிருக்குள் போகிறவருக்கு. அப்படிப் போக நேர்ந்தால், போகும் வழிக்குத் தேவையானதை மட்டும் நிரப்பிக்கொண்டு, குளிர்ப் பகுதிக்குள் நுழைந்ததும் அங்கே விற்கும் கலவையால் மீதியை நிரப்புங்கள்.

மெழுகு உறையாமல் தடுக்கும் மருந்தும் கிடைக்கிறது. அதை டீசல் கலங்குவதற்கு முன்பே ஊற்ற வேண்டும். முதலில் மருந்து, அதன்மேல் டீசல் என்ற வரிசையில் ஊற்றினால் தானாகக் கலந்துவிடும். உறைந்த பிறகு இந்த மருந்து உதவாது. உறைந்ததைக் கரைப்பதற்குத் தனி மருந்து உண்டு, அதிலும் ஒரு புட்டி வைத்துக்கொள்ளுங்கள். டீசலில் பெட்ரோலைக் கலக்கும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், அது தீ விபத்துக்கான வழி. உங்கள் வண்டிக்குப் பொருந்தும் டீசல் ஃபில்டர் இரண்டு, அதைக் கழற்றும் சாவியோடு கேபினில் இருக்கட்டும். டாங்க் எப்போதும் பாதிக்கு மேல் இருக்கட்டும். காலி டாங்கின் உட்சுவரில் ஈரம் வேர்த்து டீசலில் இறங்கும் என்பது ஒரு காரணம். சாலையை மூடிவிட்டால் அந்த டீசல்தான் உங்களுக்கு வெப்பம் என்பது பெரிய காரணம்.

எஞ்சின் புகையைச் சுத்தப்படுத்த ஊற்றும், டெஃப் என்றும் ஆட்புளூ என்றும் சொல்லும் யூரியாத் திரவம் மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். பதற வேண்டாம். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அதை உருக்கும் ஏற்பாடு வண்டியிலேயே இருக்கிறது. உறையும்போது அது விரியும் என்பதால் கழுத்துவரை நிரப்பாதீர்கள். அதில் வேறு எதையும் கலக்கவும் கூடாது.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டில் பலர் செய்யும் ஒரு தவறு: தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நன்றாகக் குளிரைத் தாங்கும் என்று நினைப்பது. கூலண்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைக்கால் சுத்தமாக இருந்தால் மைனஸ் 13 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால்தான் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். பட்டறையில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்துச் சொல்வார்கள்.

பேட்டரிகளைக் குளிர் வருமுன் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்லுங்கள். லாரியில் பல பேட்டரிகள் இணைந்திருப்பதால், கெட்டுப்போன ஒன்று மற்றவற்றையும் சேர்த்து இழுத்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி எந்தக் கடுங்குளிரிலும் எளிதில் உறையாது. சார்ஜ் இறங்கியதோ மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடலாம். பக்கம் உப்பியிருக்கும் பேட்டரிக்கு வேறு வண்டியிலிருந்து மின்சாரம் கொடுக்காதீர்கள், வெடிக்கும். டயர் காற்று, 100 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைத்திருந்தால் குளிர் 10 டிகிரி கூடும்போது ஏறக்குறைய 4 பிஎஸ்ஐ குறையும். அதனால் ஓட்டம் தொடங்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள்.

இனி சாலை. எவ்வளவு குளிரோ அவ்வளவு வழுக்கும் என்று தோன்றும். உண்மையில் மிக மோசமாக வழுக்குவது உறைநிலையை ஒட்டித்தான். அப்போது பனிக்கட்டியின் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும், டயர் பிடிப்பதற்கு எதுவும் இருக்காது. மைனஸ் 25 டிகிரியில் காய்ந்து இறுகிய பனியில் அதைவிட நன்றாகவே ஓட்டலாம். ஆகவே வெப்பமானி 0 டிகிரியை நெருங்கும்போது கவனத்தைக் கூட்டுங்கள்.

மழை பெய்கிறது, சாலை ஈரமாக மின்னுகிறது, முன்னால் போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து நீர் தெறித்துக்கொண்டே வருகிறது. திடீரென்று தெறிப்பது நின்றுவிடுகிறது. சாலை மட்டும் இன்னும் மின்னுகிறது. அந்த நொடியில் தண்ணீர் பனிக்கட்டியாகிவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள். பக்கக் கண்ணாடியின் கம்பியில் பனி பிடிக்கத் தொடங்குவதும் இதே எச்சரிக்கைதான். பாலங்களின் அடியிலும் காற்று போவதால் அவை மற்றச் சாலைக்கு முன்பே உறைந்துவிடும். பாலத்தின் மேல் பிரேக், திருப்பம், கியர் மாற்றம் எதுவும் வேண்டாம். அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டுச் சும்மா கடந்து போங்கள்.

இறுகிய பனியில் வேகம் வழக்கத்தில் பாதிக்கும் கீழே இருக்கட்டும். வெறும் பனிக்கட்டி என்றால் ஊர்ந்து போய், பாதுகாப்பான முதல் இடத்தில் ஒதுங்கிவிட வேண்டும். நிறைகுடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடப்பவரைப் பார்த்திருப்பீர்கள். கை, கால், திருப்பம் எல்லாம் அந்த நடையில் இருக்க வேண்டும். வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கண்ட்ரோலை அணைத்துவிடுங்கள். எஞ்சினைக் கொண்டே வண்டியை மெதுவாக்கும் எஞ்சின் பிரேக்கையும் வழுக்கும் சாலையில் அணைத்துவிடுங்கள். அது முன்வண்டியின் இழுவைச் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். அவை பிடிப்பை இழந்து சறுக்கினால் பின்னாலிருந்து டிரெய்லர் தள்ள, முழங்கை மடங்குவது போல வண்டி மடங்கிவிடும். காலி டிரெய்லரில் இது இன்னும் எளிதாக நடக்கும். சுமை இல்லையே என்று தெம்பாக ஓட்டும் நாளில்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

பனிச்சங்கிலியைக் காய்ந்த தரையில், பகல் வெளிச்சத்தில், இரண்டு மூன்று முறை மாட்டிக் கழற்றிப் பழகிக்கொள்ளுங்கள். விரல் விறைக்கும் இரவில், மலைச்சரிவில் அதைக் கற்றுக்கொள்ள முடியாது. மாட்டியபின் சிறிது தூரம் போனதும் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். 50 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகக் கூடாது. எந்தச் சக்கரத்துக்குக் கட்டாயம் என்பது இடத்துக்கு இடம் மாறும், போகும் பாதையின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்இடி விளக்குகளைப் பற்றி ஒரு சொல். பழைய பல்புகள் தங்கள் சூட்டில் பனியை உருக்கிவிடும். இவை அவ்வளவு சூடாகாததால் மேலே பனி அப்படியே படிந்துவிடும். உங்களுக்குத் தெரியாமலேயே பின்விளக்கு இல்லாத வண்டியாக ஓடிக்கொண்டிருப்பீர்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சுற்றுச் சுற்றித் துடைத்துவிடுங்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பனிப்புயல் நாளில் ஓய்விடங்கள் பொழுது சாய்வதற்கு முன்பே நிரம்பிவிடும். பிற்பகலிலேயே ஒதுங்கிவிடத் திட்டமிடுங்கள். நிறுத்த நினைத்திருக்கும் இடத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என மாற்றிடங்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மணி நேரம் ஓட்டலாமே என்று அலுவலகத்திலிருந்து சொல்லலாம். சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் நீங்கள்தான். முடியாது என்றால் முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்திலும், அதில் ஏறும் சரிவுப்பாதைகளின் ஓரத்திலும் ஒருபோதும் நிறுத்தாதீர்கள். சறுக்கி வரும் வண்டியும், பனி தள்ளும் வண்டியும் அங்கேதான் வந்து மோதும்.

இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது சமதளம். சக்கரம் பூட்டியிருந்தாலும் பனிக்கட்டியின் மேல் மொத்த வண்டியும் சறுக்கிக்கொண்டு போகும், அதற்குச் சிறிய சரிவே போதும். காலையில் பின்னால் எடுக்கத் தேவையில்லாதபடி முன்பக்கம் வெளிவாசலைப் பார்த்து இருக்கட்டும். பின்னால் எடுத்தால் டயருக்கும் பனிக்குவியலுக்கும் நடுவே சேற்றுத்தட்டி சிக்கிக் கிழிந்துபோகும். கூரை விளிம்பின் கீழே வேண்டாம், மேலிருந்து பனிப்பாளம் விழும். பனியால் மூடிய காலியிடத்தில் நீங்கள் முதல் ஆளாக நுழைய நேர்ந்தால், இறங்கி நடந்து பாருங்கள். அடியில் வாய்க்காலும் தடுப்புக்கல்லும் இருக்கலாம்.

நின்றவுடன் கேபினுக்குள் போய்விடாதீர்கள். ஓடி வந்த டயர் சூடாக இருக்கும். அது பனியை உருக்கிக் குழி போட்டு, அந்த நீரிலேயே இரவெல்லாம் உறைந்து நிற்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, ஒரு மீட்டர் முன்னால் நகர்த்தி, உருகாத பனியின் மேல் நிறுத்துங்கள். அந்த இரண்டாவது பனிக்காலத்துக்குப் பிறகு நான் இதைச் செய்யாமல் படுத்ததே இல்லை.

டிரெய்லரைக் கழற்றி விட்டுப் போவதாக இருந்தால், அதன் முன்கால்களின் அடியில் கனமான பலகை வையுங்கள். இல்லாவிட்டால் பனி இளகும்போது கால் புதையும், மறுபடி குளிரும்போது தரையோடு உறைந்துவிடும். திரும்ப மாட்டும்போது, முன்வண்டியில் டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் தட்டான ஃபிஃப்த் வீலில் கிரீஸ் குளிரில் கட்டியாகியிருக்கும், டிரெய்லரின் அடியில் நீட்டியிருக்கும் கிங்பின் என்ற முளையை அதன் தாடை முழுதாகக் கவ்வாமல் போகலாம். டார்ச் அடித்துக் கண்ணால் பார்த்து, மெல்ல முன்னால் இழுத்துச் சோதித்த பிறகே கால்களைத் தூக்குங்கள்.

கேபினில் வைக்க வேண்டியவை: கடுங்குளிருக்கான தூக்கப்பை, இரண்டு மூன்று நாள் உணவும் நீரும், வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள், மண்வெட்டி, ஒரு மூட்டை மணல், சுத்தியல், தலையில் மாட்டும் விளக்கு, ஒளிரும் மேலங்கி. கையுறை ஒன்றுக்கு நான்கு ஜோடி வேண்டும். நனைந்த கையுறை வெறுங்கையைவிட மோசம். பருத்தி உடை நனைந்தால் காயாது, உள்ளுடை கம்பளியாக இருக்கட்டும். இறங்கும்போது வண்டியைப் பார்த்தபடி, கை கால் நான்கில் மூன்று எப்போதும் பிடியில் இருக்கும்படி இறங்குங்கள். பனி படிந்த படிக்கட்டில் குதித்து இறங்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசிக் கேள்வி, எஞ்சினை விடிய விடிய ஓடவிடுவது. பல இடங்களில் அதற்குத் தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும், மணிக்கு ஏறக்குறைய 3 லிட்டர் டீசல் போகும். கடுங்குளிரில் மிகக் குறைந்த வேகத்தில் சும்மா ஓடும் எஞ்சின் தானே குளிர்ந்து, டீசல் சரியாக எரியாமல் கரி படியும். கேபினைச் சூடாக்கும் சிறிய டீசல் ஹீட்டர் அதில் பத்தில் ஒரு பங்கு டீசல்கூடச் செலவழிக்காது. எஞ்சினைச் சூடாக்கும் மின்ஹீட்டரைச் செருக இடம் இருந்தால், புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு போட்டாலே போதும். இவை இரண்டும் இல்லை, குளிரோ மைனஸ் 25 டிகிரிக்குக் கீழே என்றால், ஓடவிடுங்கள், ஆனால் எஞ்சின் வேகத்தை நிமிடத்துக்கு 1000 சுற்று அளவுக்கு உயர்த்தி வைத்து.

எதை ஓடவிட்டாலும் படுக்குமுன் இறங்கி, எஞ்சினின் புகைபோக்கியும் ஹீட்டரின் புகைக்குழாயும் பனியில் புதையாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கத்திலேயே ஆளை எடுத்துவிடும். அதைக் கண்டுபிடித்து ஒலிக்கும் கருவி ஒன்று படுக்கைக்கு அருகில், புதிய பேட்டரியோடு இருக்க வேண்டும். கேபினுக்குள் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. இரவில் பனி விடாமல் கொட்டினால், அலாரம் வைத்து ஒருமுறை எழுந்து புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிட்டு வந்து படுங்கள்.